சொல்ல முடியாதவரின் வலி

தலையில் பலத்த அடிபட்டவர் சில வாரங்களில் கோமாவிலிருந்து கண் திறக்கிறார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையால் வலி மருந்து தள்ளிப்போகிறது. அது பெரிய அநியாயம்.

கண் திறந்தவர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை

சிலருக்கு விழிப்பு உண்டு, உணர்வு இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. வேறு சிலருக்கு உணர்வு வந்து வந்து போகும்: ஒரு நேரம் கண்ணாடியைக் கண்ணால் பின்தொடர்வார், மறுநேரம் அசைவே இருக்காது. இவர்களைப் பிரித்தறிவது எளிதல்ல. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், உணர்வே இல்லை என்று மருத்துவர்கள் முடிவுகட்டியிருந்த 44 பேரை முறைப்படி சோதித்தபோது 18 பேரிடம் உணர்வின் அடையாளங்கள் தெரிந்தன.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு 2008-ல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தது. குறைந்த அளவு உணர்வு உள்ளவர்களின் மூளையில், வலியைக் கையாளும் பகுதிகள் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களைப் போலவே இயங்கின. வாய்விட்டுச் சொல்ல முடியாததால் வலி இல்லை என்றாகிவிடாது என்பதை, சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020-ல் வலிக்குத் தந்த வரையறையின் குறிப்புகளில் சொல்லியிருக்கிறது.

முகத்தைப் பார்த்து மதிப்பெண்

இதே லியேஜ் குழு 2010-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டு, 2012-ல் திருத்தியது. உடல் அசைவு, குரல், முகபாவம் மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 9. விரல் நகத்தின் மேல் அழுத்தும்போதோ, காயத்துக்குக் கட்டுப்போடும்போதோ பார்க்கிறார்கள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் 2. வலிக்கும் இடத்தைத் தேடி மறு கை வந்தால் 3. முனகினால் 1, முகம் சுளித்தால் 2, அழுதால் 3. சும்மா இருக்கும்போது ஒரு முறை, சிகிச்சையின்போது ஒரு முறை எடுத்து ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

ஆனால் பூஜ்யம் வந்துவிட்டது என்று நிம்மதியடைய முடியாது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவரால் முனக முடியாது; கைகால் செயலிழந்தவர் எதை இழுத்துக்கொள்வார்?

வலி எங்கே இருக்கும்

தசை இறுகி மடங்கிப்போன முழங்கை, சரிந்த தோள்பட்டை, படுக்கைப்புண், அடைத்துக்கொண்ட சிறுநீர்க்குழாய், நாள்கணக்கில் மலச்சிக்கல், விபத்தன்றே கண்ணில் படாமல்போன எலும்பு முறிவு. பிசியோதெரபிஸ்ட் முழங்கையை மெல்ல நீட்டும்போது புருவம் நெரிந்து தாடை இறுகுகிறதா, வியர்க்கிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். வியர்வையும் நாடியும் வேறு காரணத்தாலும் மாறும். அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

குடும்பத்தார் பார்க்க வேண்டியது

நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள். அவர் முகம் சுளித்தது எந்த நேரம், எந்தப் பக்கம் திருப்பியபோது என்று நோட்டில் எழுதி, ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகக் கிள்ளியோ அழுத்தியோ சோதிக்க வேண்டாம்.

தூக்கத்தில் ஆழ்த்தும் வலி மருந்துகள், திரும்பி வரும் உணர்வையும் மறைத்துவிடக்கூடும். ஆகவே அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்து வேலைசெய்யத் தொடங்கிய பின் அதே முழங்கையை நீட்டி, மதிப்பெண் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்கினால், இத்தனை நாளும் அவருக்கு வலித்திருக்கக்கூடும்.