மழைக்காலத்தில் மண்வெட்டிப் படை

பனி நாடுகளில் குளிர்காலம் வந்தால் சாலைத் தொழிலாளர்கள் பனியை வாரி ஒதுக்கி உப்புத் தூவுவார்கள். குச்சனூரில் பனிக்கட்டி ஏது? ஐப்பசி பிறந்தால் அடைமழைதான்!

சனீஸ்வரரைத் தரிசிக்க பஸ்ஸிலும் காரிலும் வருகிறவர்கள், சாலையோரத்தில் மண்வெட்டியுடன் நிற்பவரைக் கவனிப்பது அபூர்வம். அவர் புதரை வெட்டுகிறார். சிறுபாலத்தின் அடைப்பை எடுக்கிறார். ஓரத்து மண்ணைச் சரித்து, தண்ணீருக்கு வழி விடுகிறார். தார்ச் சாலைக்குப் பெரிய எதிரி லாரி அல்ல, தேங்கிய நீரே. வெடிப்பு வழியே அது ஜல்லிக்குள் இறங்கிவிட்டால், பிறகு ஒரு பார வண்டி போதும், பள்ளம் விழுந்துவிடும். ஈரத்தில் தார் ஒட்டாது. மழை ஓயும் வரை கிராவலைக் கொட்டிச் சமாளிக்க வேண்டியதுதான்.

போடிமெட்டு மலைப்பாதையில் வேலை இன்னும் கடுமை. அங்கே 17 கொண்டை ஊசி வளைவுகள். பாறை உருண்டு பாதை அடைபட்டால், கொட்டும் மழையிலும் ஏறியாக வேண்டும்.

இவர்களுடைய உத்தியோகமும் ஒரு கொண்டை ஊசி வளைவைக் கண்டதுதான். 1997-ல் தமிழகமெங்கும் சுமார் 10,000 பேர் சாலைப் பணியாளர்களாக நியமிக்கப்பட்டனர். 2002 செப்டம்பரில் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 2006 பிப்ரவரியில்தான் வேலை திரும்பக் கிடைத்தது. நடுவில் போன 41 மாதங்களையும் பணிக்காலமாகக் கணக்கிடும்படி அதன் பின்னும் பல ஆண்டுகள் போராடினார்கள்.