அரைக்கல் வரும்வரை

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு உறைந்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு கோப்பை அழித்தால் பழுது தீர்ந்துவிடும். ஆனால் விண்டோஸே எழாத கணினிக்குள் தொலைவிலிருந்து எப்படி நுழைவது? ஆட்கள் யுஎஸ்பி டிரைவோடு மேசை மேசையாகப் போனார்கள். அடுத்த சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் மீட்புக் கருவியில் இன்னொரு வழியையும் சேர்த்தது. கணினி தன் டிஸ்க்கை நம்பாமல், நெட்வொர்க் கேபிள் வழியே ஒரு குட்டி விண்டோஸை வரவழைத்து எழுந்துகொள்ளும் வழி அது.

துறையில் அதற்கு பிக்ஸி பூட் என்று பெயர். கல்லூரி ஆய்வகத்தில் வரிசையாக இருக்கும் கணினிகளுக்கெல்லாம் ஒரே மாலையில் விண்டோஸோ லினக்ஸோ ஏற்றுவதும் இப்படித்தான். ‘கை படாத நிறுவல்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வால், கணினியின் பயாஸ் அமைப்பு ஆகிய ஐந்தும் ஒத்துழைத்தால் அது உண்மை. ஒன்று பிசகினாலும் கறுப்புத் திரையில் ஒரு வரியும் ஒரு பிழை எண்ணும்தான் மிஞ்சும். அந்த எண்ணைப் பார்த்த உடனே கேபிளை மாற்றுகிறவர்களும் சர்வரை அழித்து மறுபடி நிறுவுகிறவர்களும் ஏராளம். பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று மட்டுமே அந்த எண் சொல்கிறது. பழுது இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. அது இரண்டு மாடி தள்ளி, யாரும் திறந்து பார்க்காத ஒரு ஸ்விட்சில் இருக்கலாம்.

மின்சாரம் வந்ததும் நெட்வொர்க் கார்டுக்கென்று உள்ள சிறு நிரல் விழிக்கிறது. அதற்குத் தன் முகவரி தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும் பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பாக்கெட்டை விடுகிறது. எனக்கு ஒரு முகவரி வேண்டும், எழுவதற்கு ஒரு கோப்பு வேண்டும் என்பதே அதன் சாரம். டிஎச்சிபி சர்வர் முகவரியைத் தருகிறது. அதே சர்வரோ வேறொன்றோ கோப்பின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சொல்கிறது. அந்தச் சிறு கோப்பு இறங்கி ஓடி, தன் பங்குக்குப் பெரிய கோப்புகளை இறக்குகிறது.

பழைய பயாஸ் கணினிகளில் பிழை எண் இ61 என்றால் கேபிளில் உயிரில்லை. இ51 என்றால் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் பெயர் தெரிந்து, சர்வரிடம் கேட்டும் ஆகிவிட்டது, கோப்பு வரவில்லை. பயாஸின் இடத்தில் யுஇஎஃப்ஐ வந்துவிட்ட புதிய கணினிகளில் எண்கள் மாறியிருக்கின்றன, படிகள் மாறவில்லை.

இ51க்கு இரண்டு காரணங்களை முதலில் பார்ப்பேன். எல்லோருக்கும் கேட்கும்படி விட்ட பாக்கெட் ரவுட்டரைத் தாண்டாது. சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருந்தால், அந்தக் கூப்பாட்டை வாங்கி சர்வருக்கு எடுத்துச் செல்லும்படி ரவுட்டரில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, ஸ்விட்சின் எச்சரிக்கை. கேபிள்கள் வளையமாக இணைந்துவிட்டால் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே மூச்சுமுட்டச் செய்யும். அதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறைப்படி, புதிதாக உயிர்பெற்ற போர்ட்டை ஸ்விட்ச் 15 நொடி கவனிக்கிறது, இன்னும் 15 நொடி கற்றுக்கொள்கிறது, அதன் பிறகுதான் பாக்கெட்டை உள்ளே விடுகிறது. அந்த 30 நொடிக்குள் சலித்து ஓய்ந்துவிடும் கார்டுகள் உண்டு. கணினிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே விலை மலிந்த சாதாரண ஸ்விட்ச் ஒன்றைச் செருகிப் பாருங்கள். கணினி அணைந்து எழுந்தாலும் பெரிய ஸ்விட்சின் போர்ட் உயிரோடு இருக்கும். அப்போது பூட் ஆகிவிட்டால் குற்றவாளி அகப்பட்டார். கணினி செருகும் போர்ட்டுகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பை நீக்கிவிடலாம்.

புதுக் கணினிகள் மட்டும் மறுத்து, பழையவை ஒழுங்காக எழுந்தால் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். கணினி கூப்பிடும்போதே தன் வகையையும் ஓர் எண்ணாகச் சொல்லிவிடுகிறது: பழைய பயாஸ் 0, 64 பிட் யுஇஎஃப்ஐ 7. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கோப்பைத் தர வேண்டும். பல அலுவலகங்களில் டிஎச்சிபியின் 67ஆம் விருப்பத்தில் ஒரே கோப்பின் பெயரை நிரந்தரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லாக் கணினியும் பயாஸாக இருந்த காலத்தில் எழுதியது அது. யுஇஎஃப்ஐ கணினி பயாஸ் கோப்பை வாங்கிப் பார்த்து, புரியாமல் கீழே வைத்துவிடுகிறது.

இவையெல்லாம் அமைப்புக் கோளாறுகள். என்னை உண்மையாகவே மயக்குவது அடுத்த படி, கோப்பு இறங்கும் விதம். அதைச் செய்வது டிஎஃப்டிபி என்ற நெறிமுறை. அதன் வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1981இல் எம்ஐடியின் கேரன் சோலின்ஸ் அதன் இரண்டாம் பதிப்பை ஆவணப்படுத்தினார். 1984இல், டிஸ்க் இல்லாத கணினிகளை இதைக்கொண்டே எழுப்பலாம் என்று ஒரு சிறு ஆவணம் பரிந்துரைத்தது. கணினிக்கு முகவரி தரும் நெறிமுறையாக 1985இல் பூட்பி வந்தது, 1993இல் டிஎச்சிபி. 1999இல் இன்டெல் இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி பிக்ஸி 2.1 என்ற வரையறையை வெளியிட்டது. சிறிய நினைவகச் சில்லுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் டிஎஃப்டிபியைத் தேர்ந்ததற்குக் காரணம்.

டிஎஃப்டிபியை இப்படிக் கற்பனை செய்யுங்கள்: வீடு கட்டுகிற இடத்தில் சாரத்தின் மேல் கணினி என்ற கொத்தனார் நிற்கிறார், கீழிருந்து சர்வர் என்ற சித்தாள் செங்கல்லைத் தூக்கிப் போடுகிறார். ஒவ்வொரு கல்லும் 512 பைட், ஒவ்வொன்றிலும் ஓர் எண். கொத்தனார் பிடித்து அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் சித்தாள் அடுத்த கல்லைக் கையில் எடுப்பார். குரல் வராவிட்டால் சற்றுப் பொறுத்து அதே கல்லை மறுபடி போடுவார். லோடு முடிந்தது என்று சொல்ல இந்த நெறிமுறையில் தனிச்சொல் கிடையாது. 512 பைட்டுக்குக் குறைவான கல், அதாவது அரைக்கல், வந்தால் முடிந்தது என்று பொருள். கோப்பின் அளவு 512ஆல் மீதியில்லாமல் வகுபட்டால்? அரைக்கல்லே இருக்காதே. அப்போது சித்தாள் பூஜ்ய பைட் உள்ள வெறுங்கல் ஒன்றைப் போடுகிறார். கொத்தனார் அதையும் பிடித்து, அதன் எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். இவ்வளவு சிக்கனமான முற்றுப்புள்ளியை வேறெந்த நெறிமுறையிலும் நான் பார்த்ததில்லை.

1981 ஆவணத்தில் இந்த ஏற்பாட்டுக்குள் ஓர் அழகான கோளாறு ஒளிந்திருந்தது. ஏழாவது கல் தொலையவில்லை, தாமதமாகிறது என்று வையுங்கள். சித்தாள் பொறுமையிழந்து இன்னொரு ஏழாவது கல்லைப் போடுகிறார். இரண்டும் போய்ச் சேர, கொத்தனார் ‘ஏழு’ என்று இரண்டு முறை சொல்கிறார். ஒவ்வொரு ‘ஏழு’க்கும் ஓர் எட்டாவது கல் கிளம்புகிறது. எட்டும் இரண்டு, ஒன்பதும் இரண்டு, லோடு முடியும்வரை எல்லாமே இரட்டை. நடுவில் இன்னொரு கல் தாமதமானால் அங்கிருந்து மும்மடங்கு. கெதே எழுதிய கதைப்பாட்டில் துடைப்பத்துக்கு உயிர்கொடுத்துவிட்டு அதை நிறுத்தத் தெரியாமல் தவிக்கும் மந்திரவாதியின் சீடனை வைத்தே இந்தக் கோளாறுக்குப் பெயரிட்டார்கள். ஏற்கெனவே கேட்ட எண் மறுபடி காதில் விழுந்தால் சித்தாள் கல் போடக் கூடாது என்ற ஒரே விதியால் பிறகு அது சரியானது.

காலம் மாறியதும் கற்களின் கணக்கு சிக்கலானது. இன்றைய குட்டி விண்டோஸ் கோப்பு 400 எம்பி இருக்கும் என்று கொள்வோம். 512 பைட் கல்லாக வெட்டினால் 8 லட்சத்துக்கும் மேல். கல் மேலே போய்க் குரல் திரும்ப ஒரு மில்லி நொடி ஆனால் மொத்தம் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். சர்வர் வேறு ஊரில் இருந்து, போய்வர 20 மில்லி நொடி ஆனால் நாலரை மணி நேரம். கிகாபிட் கேபிள் அதே கோப்பை 4 நொடிக்குள் சுமந்துவிடும். இங்கே கேபிள் பெரும்பாலான நேரம் காலியாகத்தான் கிடக்கிறது, சித்தாள் குரலுக்காகக் காத்து நிற்பதால். பூட் மெதுவாக நடக்கிறது என்றதும் வேகமான இணைப்பு வாங்கச் சொல்லும் விற்பனையாளரை அதனால்தான் நான் நம்புவதில்லை. கேபிளை எவ்வளவு அகலமாக்கினாலும் குரல் போய்வரும் நேரம் குறையாது.

எண்ணிலும் ஒரு முட்டு. கல்லின் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட், அதில் 65,535ஐத் தாண்டி எண்ண முடியாது. 512 பைட் கல்லென்றால் 32 எம்பி. அதன் பிறகு சில நிரல்கள் 0இலிருந்தும் சில 1இலிருந்தும் எண்ணத் தொடங்குகின்றன, சில அப்படியே நின்றுவிடுகின்றன. சித்தாள் 0 என்று போட்டு, கொத்தனார் 1ஐ எதிர்பார்த்தால் வேலை அங்கேயே முடங்கும். கோப்பு ஒவ்வொரு முறையும் 32 எம்பி அருகே நின்றால் கேபிளைத் தொடாதீர்கள்.

1995இல் கல்லைப் பெரிதாக்க அனுமதி வந்தது. ஆனால் சாரத்துக்குப் போகும் வழியின் அகலம் 1,500 பைட்தான். முகப்புத் தகவல்களுக்கு 32 பைட் போனால் கல்லுக்கு 1,468. அதைவிடப் பெரிய கல்லை வழியிலேயே உடைத்து, மேலே போய் ஒட்ட வேண்டும். உடைந்த துண்டுகளைச் சில ஃபயர்வால்கள் உள்ளே விடுவதில்லை. முதல் சிறு கோப்பு நொடியில் இறங்கி, பெரிய கோப்பு தொடங்கியதுமே நின்றுபோனால் முதலில் கல்லின் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். எட்டு, பதினாறு என்று கற்களைச் சேர்த்துப் போட்டு ஒரே குரலுக்குக் காத்திருக்கும் முறை 2015இல் பொது வரையறையாக வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் அதற்கு முன்பே அதுபோன்றதை வைத்திருந்தது. 2019 மார்ச் மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அந்தப் பகுதியைக் குலைத்துவிட, கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. கற்களைச் சேர்த்துப் போடுவதை அப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்றுதான் நிறுவனமே வழி சொன்னது.

இ32க்குப் பின்னாலும் இதே கட்டட வேலை இருக்கிறது. கல் வேண்டும் என்று கேட்பது 69ஆம் எண் வாசலில். ஆனால் அந்த வாசலிலிருந்து ஒரு கல்லும் வராது. சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய எண்ணுள்ள வாசலைத் திறந்து அங்கிருந்து அனுப்புகிறது. ஃபயர்வாலில் 69ஐ மட்டும் திறந்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கும் அலுவலகங்கள் நிறைய. கோரிக்கை போகும், முதல் கல் திரும்பி வரும் வழியில் அடிபடும், திரையில் இ32 தெரியும்.

இந்த இடத்தில் ஊகத்தை விட்டுவிட்டு கேபிளில் காதை வைக்க வேண்டும். ஸ்விட்சில் அந்தக் கணினியின் போர்ட்டுக்கு நகல் போர்ட் ஒன்று அமைத்து, வயர்ஷார்க் நிரலில் பாக்கெட்டுகளைப் பார்த்தால் முழுப் பேச்சும் கண்முன் இருக்கும். அதையே சர்வர் பக்கத்திலும் செய்ய வேண்டும். கணினி கூப்பிட்டது இங்கே தெரிந்து, சர்வர் பக்கம் வராமலிருந்தால் பழுது நடுவழியில். வந்தும் சர்வர் பேசாவிட்டால் சர்வரில். பேசியும் கணினிக்கு எட்டாவிட்டால் மறுபடி நடுவழியில். இரண்டு முனையிலும் கேட்காமல் எதையும் மாற்றுவது, நாளைக்கு இன்னொரு பழுதை நட்டுவைப்பதுதான்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எச்டிடிபி பூட் இருக்கிறது என்பார்கள். 2015இல் யுஇஎஃப்ஐ 2.5 வரையறையில் வந்தது. இணையத்தளம் இறங்கும் அதே முறையில் கோப்பு இறங்குவதால் ஒவ்வொரு கல்லுக்கும் காத்திருக்கும் தொல்லை இல்லை. நல்ல முன்னேற்றம், வரவேற்கிறேன். ஆனால் வழக்கமான அமைப்பில் அதுவும் தொடங்குவது 0.0.0.0 என்ற அதே கூப்பாட்டில்தான். ரவுட்டரும் ஸ்பானிங் ட்ரீயும் அதையும் தடுக்கும். பதில் சொன்னவர் யாரென்று விசாரிக்கும் வழக்கம் அந்தக் கூப்பாட்டுக்குக் கிடையாது. 2024 ஜனவரியில் குவார்க்ஸ்லேப் ஆய்வாளர்கள், பல நிறுவனங்களின் யுஇஎஃப்ஐக்கு அடித்தளமான இடிகே2 நிரலின் நெட்வொர்க் பகுதியில் ஒன்பது ஓட்டைகளைக் கண்டு, பிக்ஸிஃபெயில் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு தீயவர், விண்டோஸ் எழுவதற்கு முன்பே கணினியைப் பிடிக்க அவை இடம்கொடுக்கக்கூடும். பிக்ஸி தேவைப்படாத கணினிகளில் அதை அணைத்துவைப்பது நல்லது.

மெல்லிய மடிக்கணினிகள் வந்தபின் புதுப் பழுது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அவற்றில் கேபிள் செருக இடமில்லை, யுஎஸ்பியில் மாட்டும் ஈதர்நெட் டாங்கிள் வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் ஒரே டாங்கிளைக் கழற்றிக் கழற்றி ஒவ்வொன்றிலும் மாட்டுகிறார்கள். முதல் மடிக்கணினி ஒழுங்காக எழுகிறது, இரண்டாவதை சர்வர் கண்டுகொள்வதில்லை. நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரி இங்கே டாங்கிளுடையது என்பதால், ஏற்கெனவே விண்டோஸ் ஏற்றிய கணினி திரும்ப வந்திருக்கிறது என்று சர்வர் எண்ணிக்கொள்கிறது. அந்த முகவரியை அடையாளமாகக் கொள்ளாதே என்று சர்வரில் எழுதிவைத்தால் போதும். கூப்பிடும்போதே கணினி தன் தாய்ப்பலகையின் தனி அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. சர்வர் அதைக்கொண்டு ஒவ்வொரு மடிக்கணினியையும் பிரித்தறிந்துகொள்ளும்.