சைக்கிள் ஆசன நோவு

சைக்கிள் விடக் கற்போர்க்கு முதலில் விழுதலைப்பற்றிய அச்சமே பெரிதாயிருக்கும். பலகால் விழுந்தெழுந்து, சமநிலை கைவரப்பெற்று, இனி நமக்கென்ன குறை என்று மகிழ்ந்து நெடுவழி சென்று மீண்ட மறுநாளே வேறொரு துன்பம் வந்து எய்துகின்றது. முழங்காலிற் பட்ட காயத்தை யாவர்க்கும் காட்டலாம், இதனையோ காட்டுதற்கில்லை, எடுத்துச் சொல்லவும் நா எழுவதில்லை. ஆசனத்தில் அமர்வதால் உண்டாகும் நோவையே குறிப்பிடுகின்றோம். அதன் காரணம் இன்னதென்பதையும், அதனை நீக்கும் உபாயம் இன்னதென்பதையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவோம்.

இதனை எழுத நமக்குள்ள தகுதி அநுபவம் ஒன்றே. நாம் இக்கல்லூரியில் முதலாண்டு மாணவராய்ச் சேர்ந்தபொழுது, வீட்டிற்கும் கல்லூரிக்கும் இடையே ஒன்பது கிலோமீட்டர் தொலைவிருந்தது. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி நாள்தோறும் போய்வரத் தொடங்கினோம். முதல் வாரத்திலேயே வகுப்புப் பெஞ்சியில் நேரே அமர இயலவில்லை. பொறுத்தாற் பழகிவிடும் என்றெண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வாரத்தில் அது கட்டியாய்ப் புறப்பட்டது. பத்து நாள் குப்புறப் படுத்துக் கிடந்து, காலாண்டுத் தேர்வையும் இழந்தோம். பின்னொரு நாள் டயருக்குக் காற்றடிக்கச் சென்ற கடையில், முதியவரான கடைக்காரர் வண்டியை ஒருமுறை நோக்கி, "தம்பி, சீட்டு உங்கள் உயரத்துக்கு மிஞ்சி ஏறியிருக்கிறது, மூக்கும் வானத்தைப் பார்க்கிறது. இதில் எப்படி உட்காருகிறீர்கள்?" என்று வினவினார். ஸ்பேனரை எடுத்து இரண்டு திருகுகளைத் தளர்த்தி, ஆசனத்தை இரண்டு விரற்கடை இறக்கி மட்டமாக்கினார். ஐந்து நிமிஷ வேலை. வாய் திறந்து ஒருவரைக் கேட்டிருப்பின் பத்து நாளும் ஒரு தேர்வும் மிஞ்சியிருக்கும்.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. சைக்கிளைப் பொறுத்தமட்டில் பெரும்பாலோர் இதற்கு மாறாகவே நடக்கின்றனர். கூடம் மெய்யாகவே கோணியிருக்கவும், தமக்கு ஆடத் தெரியாதென்று தம்மையே நொந்துகொண்டு, வண்டியை மூலையிற் சாத்திவிடுகின்றனர்.

இந்நோவு ஒரு வகையினதன்று. முதலாவது, அமுக்கத்தால் வருவது. இடுப்பெலும்பின் அடியில் இரு பக்கத்தும் இரண்டு முண்டுகள் உள. உள்ளங்கைகளின்மேல் அமர்ந்து பார்ப்போர் அவற்றை எளிதில் உணரலாம். அமரும்பொழுது உடலின் பாரத்தைத் தாங்குதற்கு அமைந்தவை அவையே. புதிதாய் ஏறுவோர்க்கு அவ்விடத்துத் தசை கன்றி நோதல் இயல்பு. முதலில் சிறிது தூரமே சென்று, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டிவரின், இரண்டொரு வாரங்களில் அந்நோவு தானே தணியும். பொறுமை என்னும் மருந்து இதற்கு மட்டுமே உரியது.

இரண்டாவது, உராய்வால் வருவது. வியர்வையில் ஊறிய தோல் மென்மையடைகின்றது. ஆடையின் தையலோ ஆசனத்தின் விளிம்போ அதன்மேல் ஆயிரக்கணக்கான முறை தேய, அது சிவந்து உரிகின்றது. மூன்றாவது, அவ்வாறு நைந்த தோலின் மயிர்க்கால்களிற் கிருமிகள் புகுதலால் உண்டாகும் கொப்புளமும் கட்டியும். இவ்விரண்டும் பொறுப்பதாற் பழகுவன அல்ல. பொறுக்கப் பொறுக்க முதிர்வனவே. இவையன்றி, மறைவிடங்கள் மரத்துப்போதலும் சிலர்க்கு உண்டு. அங்குள்ள நரம்பும் இரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன என்பதற்கு அஃது அறிகுறி. அதனை ஒருநாளும் அசட்டை செய்தலாகாது; உடனே இறங்கி, ஆசனத்தைத் திருத்துதல் வேண்டும்.

இனி, ஆசனத்தைத் திருத்தும் முறையைக் கூறுவோம். முதலிற் கவனிக்கத்தக்கது உயரம். ஆசனத்தில் அமர்ந்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால், கால் நேராய் நீளவேண்டும். பின்னர்ப் பாதத்தின் முற்பகுதியால் மிதிக்குங்கால், முழங்கால் ஏறக்குறைய 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். ஆசனம் இதனினும் உயர்ந்திருப்பின், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமுமாக ஆடும். அவ்வாட்டமே தோலைத் தேய்ப்பது. நமக்கு நேர்ந்ததும் இதுவே.

அடுத்தது சாய்வு. ஆசனம் தரைக்கு மட்டமாய் இருத்தல் நன்று. மூக்கு மேல்நோக்கினால் மென்மையான பாகங்கள் நசுங்கும். கீழ்நோக்கினால் உடல் முன்னே வழுக்கிக் கைகளும் தோள்களும் வலிக்கும். மூன்றாவது அகலம். அட்டைப்பெட்டியின் துண்டொன்றைக் கெட்டியான பெஞ்சியின்மேல் இட்டு, சற்றே முன்சாய்ந்து அமர்ந்து எழுந்தால், அதில் இரண்டு குழிகள் காணப்படும். அவற்றின் நடுவிடங்களுக்கு இடையேயுள்ள தொலைவு பெரும்பாலோர்க்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆசனத்தின் பின்பாகம் அதனினும் சிறிது அகன்றிருத்தல் வேண்டும். பெண்களுக்கு இடுப்பெலும்பு பொதுவாக அகன்றிருத்தலால், ஆண்களுக்கென்று செய்த ஒடுங்கிய ஆசனம் அவர்களுட் பலர்க்குப் பொருந்துவதில்லை.

மெத்தென்ற ஆசனமே சுகமானது என்று பலரும் எண்ணுகின்றனர். குறுந்தூரத்திற்கு அது மெய்யே. நெடுந்தூரம் செல்லுங்கால், முண்டுகள் பஞ்சினுள் அமிழ்ந்துபோக, அவற்றிடையே பஞ்சு மேலெழுந்து, பாரம் தாங்கலாகாத இடத்தை அமுக்குகின்றது. பர்மிங்காம் நகரத்து ஜான் போல்ட்பி புரூக்ஸ் என்பார் 1882-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற ஆசனம் பஞ்சு மெத்தையன்று. தடித்த தோலைத் தூளிபோல் இழுத்துக் கட்டியது. அத்தகைய தோல், நாளடைவில் அமர்வோனுடைய உடலின் வடிவிற்கு இசைந்து குழிகின்றது.

உடையும் கருதத்தக்கது. ஜீன்ஸ் போன்ற முரட்டுக் கால்சட்டையின் தடித்த தையல்கள் யாவும் கூடுமிடம், நாம் அமருமிடத்திற்கு நேரே அமைந்துள்ளது. நெடுந்தூரம் செல்வோர் மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால்சட்டையை, உள்ளாடையின்றி, உடலோடு ஒட்ட அணிவது வழக்கம். புதுச்செருப்பு கடிக்குமிடத்தில் எண்ணெய் தடவுவதுபோல், உராயும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளலாம். பத்து நிமிஷத்திற்கு ஒருமுறை பெடலின்மேல் எழுந்து நின்று இரத்த ஓட்டத்திற்கு இடந்தருதல் நலம். மேடுபள்ளங்களிலும் அவ்வாறே செய்க. வீடு சேர்ந்தவுடன் ஈர உடையைக் களைந்து, கழுவி, நன்கு துவட்டுதல் வேண்டும். துவைக்காத உடையை மறுநாள் அணிதல் கட்டியை வலிய அழைப்பதாகும். கட்டி தோன்றிவிடின் அதனைப் பிதுக்காது, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, ஆறுமளவும் ஓட்டத்தை நிறுத்துக. காய்ச்சல் கண்டாலும், சிவப்புப் படர்ந்தாலும், நீரிழிவு உடையவராயினும் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

இஃது அநுபவமில்லாதார்க்கே வருவது என்றும் நினையற்க. பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் ஐந்து முறை வென்ற எடி மெர்க்ஸ், 1976-ஆம் ஆண்டில் இந்நோயால் அப்பந்தயத்திற் கலந்துகொள்ள இயலாது நின்றார். 1989-ஆம் ஆண்டில் லொரான் ஃபிஞோன் என்பார் 50 வினாடி முன்னணியோடு இறுதி நாளை அடைந்தார். ஆசனப் புண்ணின் வேதனையோடு அன்று ஓட்டி, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பந்தயத்தை 8 வினாடியில் இழந்தார். அத்தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், அவர் பட்ட வேதனை உலகறிந்தது. உலகத்து வீரர் வெளிப்படையாய்க் கூறியதை, நமது விடுதி அறையில் நண்பனிடம் கூற நாம் ஏன் நாணவேண்டும்?

ஆகவே மாணவ நண்பர்களே, நோவு கண்டவிடத்து அஃது எவ்வகையினது என்று முதலில் ஆராய்ந்தறிக. பொறுக்கத்தக்கதைப் பொறுத்துக்கொள்க, திருத்தத்தக்கதை அன்றே திருத்திக்கொள்க. இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த தம்பியோ தங்கையோ பெஞ்சியின் ஓரத்தில் ஒருக்கணித்து அமரக் கண்டால், நகையாது அருகழைத்து, சைக்கிள் கடைக்கு வழி காட்டுக. நமக்கு அன்று ஒருவர் காட்டியிருந்தால், இக்கட்டுரை எழுதவேண்டிய அவசியமே நேர்ந்திராது.