கார் பாடியை அளக்கும் லேசர்: வெயில் அடிச்சா கணக்கு தப்புமா?

ஷோரூமுக்குப் போறவங்க தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கார் கதவைத் திறந்து, ஒருமுறை மூடிப் பார்ப்பது. சத்தம் கச்சிதமாக வந்தால் மனசுக்குத் திருப்தி. அந்தத் திருப்திக்குப் பின்னால் இருப்பது சில மில்லிமீட்டர் சமாச்சாரம்தான்.

கதவுக்கும் பக்கத்துத் தகடுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும். இதில் ஒரு மி.மீ. கூடினாலே கண்ணில் படும். ஒரு தகடு மேலே தூக்கி நின்றால் நெடுஞ்சாலையில் காற்று விசில் அடிக்கும். ரப்பர் பீடிங் சரியாக அழுந்தாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

முன்பெல்லாம் ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய தகடுகளைச் செருகித்தான் இதைப் பார்ப்பார்கள். ஒருவர் அழுத்திச் செருகுவார், இன்னொருவர் லேசாக விடுவார். ஆளுக்கு ஆள் அளவு மாறும். இப்போது பல ஆலைகளில் அந்த வேலையை ரோபோ கையில் பொருத்திய லேசர் சென்சார் செய்கிறது.

லேசர் எப்படி அளக்குது?

சென்சாரிலிருந்து லேசர் ஒளி ஒரு கோடாகக் கார் மீது விழும். சற்றுச் சாய்ந்த கோணத்தில் ஒரு கேமரா அதைப் பார்க்கும். மாடிப்படியில் விழும் கொடிக்கயிற்றின் நிழல் ஒடிஞ்சு ஒடிஞ்சு தெரியுமே, அதே மாதிரி தகடு ஏறி இறங்கும் இடத்தில் கோடும் ஒடியும். எவ்வளவு விலகியது என்பதை வைத்து தூரத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குதான்.

நல்ல சென்சார் சில மைக்ரான் வித்தியாசத்தைக்கூடப் பிரித்துக் காட்டும். ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான்.

அப்போ பிரச்சனை எங்கே?

விளம்பரத் தாளில் இருக்கும் மைக்ரான் எண் சென்சாருக்கு மட்டும் உரியது. ஆலைக்குள் நடக்கும் அளவீட்டுக்கு அது பொருந்தாது. முதல் வில்லன் வெப்பம்.

பொருட்களின் அளவைச் சொல்வதற்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931-ல் முடிவானது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கோடையில் 20 டிகிரிக்கு எங்கே போவது? ஒரு மீட்டர் இரும்புத் தகடு ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். 4 மீட்டர் கார் பாடி 35 டிகிரியில் நின்றால், 20 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 0.7 மி.மீ. நீளமாக இருக்கும். கதவு இடைவெளியில் இது முழுசாகத் தெரியாது. ஆனால் முன்பக்கத் துளைக்கும் பின்பக்கத் துளைக்கும் உள்ள தூரத்தை ±0.5 மி.மீ.க்குள் வைக்கணும் என்றால், வெப்பம் மட்டுமே கணக்கைக் கவிழ்த்துவிடும். அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதில் வேடிக்கை, அளக்கும் ரோபோ கையும் ஓட ஓடச் சூடாகி நீளும். அதனால்தான் தரையில் அசையாமல் நிறுத்திய குண்டு ஒன்றை அடிக்கடி அளக்கச் சொல்லி ரோபோவைத் திருத்துகிறார்கள். பாடியின் வெப்பநிலையையும் தனியாகப் பார்த்துக் கழிக்கிறார்கள்.

அடுத்தது பளபளப்பு. கறுப்பு பெயின்ட்டில் லேசர் பட்டால் கொஞ்ச ஒளிதான் கேமராவுக்குத் திரும்பும். குரோம் பட்டையோ கண்ணாடி மாதிரி எதிரொளித்து, இல்லாத இடத்தில் ஒரு பொய்க் கோட்டைக் காட்டும். நீல நிற லேசர் ஓரளவு கைகொடுக்கிறது.

நம்பலாமா என்று எப்படித் தெரியும்?

ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள். வழக்கமான சோதனையில் 10 பாகங்கள், 3 பேர், ஆளுக்கு 2 அல்லது 3 முறை. அளவீட்டு முறையால் வரும் ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் அந்த முறையைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். இந்தச் சோதனையைத் தட்டிக் கழித்தால் நல்ல பாடி ஓரங்கட்டப்படும், கோணலான பாடி பெயின்ட் ஷாப்புக்குப் போய்விடும். பெயின்ட் அடித்த பிறகு தகட்டை நிமிர்த்துவது பெரிய செலவு.

சில நாட்களில் காரணம் இன்னும் சின்னதாக இருக்கும்: சென்சார் கண்ணாடியில் ஒட்டிய வெல்டிங் தூசு. ஒரு துணியால் துடைத்ததும் அளவு சரியாகிவிடும்.