ஜீப் வேஷம் போட்ட கார்!
(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் திருத்தணி மலைப்பாதையில், மேலே போகும் வரிசையில் ஒரு சின்ன எஸ்.யூ.வி. நின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் அடியிலிருந்து புகை. ஆந்திரப் பக்கத்திலிருந்து மொட்டை போட வந்த குடும்பம். ஆறு பேர், அதில் ஒரு பாட்டி. கூரைமேல் மூட்டை வேறு. "எஞ்சின் பத்திக்கிச்சு, எஞ்சின் பத்திக்கிச்சு" என்று பிள்ளைகள் ஒரே கூச்சல்.

லீவு நாட்களில் நான் வேலை பழகும் பட்டறையின் மேஸ்திரியும் அன்றைக்குக் கூட இருந்தார். பானட்டைத் திறக்கச் சொல்வார் என்று பார்த்தால், பத்தடி தள்ளி நின்று மூக்கை இழுத்து மோந்தார். "எஞ்சினும் இல்ல, ஒண்ணும் இல்ல. கிளட்ச் கருகுது. வாசனை வருதா பாரு தம்பி" என்றார்.

வண்டி ஓட்டியவர் பரிதாபமாக ஒரு கேள்வி கேட்டார். "இது எஸ்.யூ.வி. தானே சார்? மலையெல்லாம் ஏறணுமே?"

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் மலரில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

நண்பர்களே, பழைய ஜீப்பை நினைத்துப் பாருங்கள். ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், அதன் மேல் பாடி. நாலு சக்கரத்துக்கும் இழுவை, கூடவே லோ ரேஞ்ச் என்ற தனி கியர். இன்றைக்கு நம் தெருவில் ஓடும் காம்பேக்ட் கிராஸோவரில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றும் கிடையாது. சின்னக் கார் ஒன்றின் அடித்தளத்தை எடுத்து, உயரத்தைக் கூட்டி, பெரிய சக்கரம் மாட்டி, முகத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்துவிட்டார்கள். பாடியும் சேஸிஸும் ஒன்றேயான மோனோகாக். எஞ்சின் குறுக்குவாட்டில். இழுவை முன் சக்கரத்துக்கு மட்டும். ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாயும்போது, இழுக்க வேண்டிய முன் சக்கரத்தின் பிடி குறைகிறது. சுருக்கமாகச் சொன்னால் ஜீப் வேஷம் போட்ட கார்!

இந்த ரகத்தில் நமக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். ஃபியஸ்டா காரின் அடித்தளத்தில் கட்டியது. நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தூரத்தில், மறைமலைநகர் ஆலையில் பிறந்தது. 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. நீளம் 4 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு, வரிச் சலுகைக்காக! இங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. 2022-ல் அங்கே கடைசி ஈக்கோஸ்போர்ட்டும் வெளியே வந்தாயிற்று. உதிரிபாகமும் சர்வீஸும் உண்டு என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடி எத்தனை பேர் தொலைதூரம் போவார்கள்? செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் நேராக நம்ம மாதிரி பட்டறைக்குத்தான் வருவார். நாளைக்கு அந்தப் பானட்டைத் திறக்கப்போவது நாம்தான்.

சரி, கிளட்சுக்கு வருவோம். ஆளும் மூட்டையும் சேர்த்து வண்டி 1,600 கிலோ என்று வையுங்கள். பத்துக்கு ஒன்று சரிவு. சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர். முதல் கியரின் மொத்த விகிதம் 14. பிரேக் இல்லாமல் ஆஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்க, கிளட்ச் பிளேட்டில் சுமார் 35 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. கணக்குப் போட்டால் 7 கிலோவாட்டுக்கு மேல் வரும். ஏழு இஸ்திரிப் பெட்டியை ஒரே நேரத்தில் அந்தப் பிளேட்டின் மேல் வைத்த மாதிரி! வரிசை நகர ஐந்து நிமிஷம் ஆனால் பிளேட் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது? வரிசை நின்றால் அதைப் போட்டு நியூட்ரலில் நில்லுங்கள். நகரும்போது மட்டும் கிளட்ச். சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை விட்டுப் பாருங்கள். எஞ்சின் உடனே படக்கென்று அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். (இதை அடிக்கடி செய்து பார்க்க வேண்டாம், அதுவே பிளேட்டைத் தின்னும்!)

"ஆட்டோமேட்டிக் வாங்கினா இந்தத் தொல்லை இல்லையே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017 வரை வந்த ஈக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். எண்ணெயில் ஊறாத உலர்ந்த கிளட்ச். மெதுவாக நகரும்போது உதறும். ஆஸ்திரேலியாவில் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈக்கோஸ்போர்ட் வாங்கியவர்களின் இந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, 2018 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட் கம்பெனிக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. 2017 நவம்பரில் வந்த புது மாடலில் டார்க் கன்வெர்ட்டருக்கு மாறிவிட்டார்கள். பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகும் மாமா, சித்தப்பா யாராவது இருந்தால் முதலில் வருஷத்தைக் கேளுங்கள்.

ஏறுவது இப்படி என்றால் இறங்குவது இதைவிட ஆபத்து. அதே 1,600 கிலோ வண்டி 10 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 1.57 லட்சம் ஜூல் சக்தி வெளிப்படும். பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் அத்தனையும் டிஸ்கில்தான் சூடாக ஏறும். 10 கிலோ வார்ப்பிரும்புக்கு இது 34 டிகிரி. காற்று கொஞ்சம் குளிர்விக்கும், மறுக்கவில்லை. ஆனால் 50 மீட்டர் இறங்கினால்? அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய பிறகு தரநிர்ணயப்படியே 155 டிகிரி தாங்கினால் போதும். கொதித்தால் ஆவிக் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

அடுத்து, பட்டறைக்காரர்களே ஏமாறும் இடம். 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சினிலும், 2017-ல் வந்த 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினிலும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. வழக்கமாக ரப்பர் பெல்ட்டில் ஆயில் பட்டால் கெட்டுவிடும் என்று படித்திருக்கிறோம், இல்லையா? இது ஆயிலைத் தாங்கும்படி செய்த பெல்ட். ஆனால் எல்லா ஆயிலையும் தாங்காது. கையேட்டில் போட்ட தரம் (ஈக்கோபூஸ்டுக்கு 5டபிள்யூ-20) இல்லாமல் கையில் கிடைத்ததை ஊற்றினால், அல்லது மாற்றாமல் நாளைக் கடத்தினால், பெல்ட் ஊறி உதிரும். உதிர்ந்த துகள் சம்ப்பில் இருக்கும் சல்லடையை அடைக்கும். ஆயில் பிரஷர் போகும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஓட்டும் ஒவ்வொரு விநாடியும் பேரிங்குக்குத் தண்டனை. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் ஏறத்தாழ 1.4 லட்சம் ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். காரணம், இதே 1.0 லிட்டர் எஞ்சினில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டும் அதன் டென்ஷனரும். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே இறக்குவது நமக்கு வேண்டாம்.

கோடையில் வெயில் செய்தி வரும்போதெல்லாம் நம் ஊர் பெயர் முன்வரிசையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் கூலன்ட் டப்பாவில் போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து குழாயை அடைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்டின் கொதிநிலையே தண்ணீரைவிட ஏழெட்டு டிகிரி அதிகம். மூடியின் பிரஷர் அதை இன்னும் உயர்த்தும். அந்த மூடியைச் சூட்டில் திறந்து முகம் வெந்துபோனவர்கள் உண்டு. டப்பாவில் வெடிப்பு, குழாய் மூட்டில் வெள்ளைப் பூப்பு இருந்தால் உடனே கவனியுங்கள்.

பி.எஸ். 6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது திருப்பதி ரோட்டில் ஒரே சீராக அரை மணி நேரம் ஓட்டினால் கரி தானாக எரிந்துவிடும். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் "டக் டக்" சத்தம் வந்தால் முதலில் லிங்க் ராடைப் பாருங்கள். பழைய வண்டியின் டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

அந்தக் குடும்பம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். வண்டியை ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். மூட்டையை இறக்கினோம். பாட்டியைத் தவிர மற்றவர்கள் நடந்தார்கள். ஓட்டுநர் முதல் கியரிலேயே, கிளட்ச் பக்கம் காலே வைக்காமல் மேலே போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் இறங்கும்போது மேஸ்திரியும் நானும் கூடவே உட்கார்ந்தோம். "முதல் கியர்லயே இருக்கட்டும், காலை எடு" என்றார் மேஸ்திரி. எஞ்சின் உறுமியபடி வண்டி நிதானமாக இறங்கியது. பாதி வழியில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார் இது, பிரேக்கையே தொடலையே!"

"முன்னால பாத்து ஓட்டுப்பா" என்றார் மேஸ்திரி.