மேஜை நடுவே அடுப்பு

குடும்பத்துடன் ஹோட்டலுக்குப் போவதில் வீட்டு ஸ்திரீகளுக்கு உள்ள பெரிய ஆனந்தம் எது? சாப்பாட்டின் ருசிதான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒரு வேளையாவது அடுப்பின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஆனந்தம். அப்படியிருக்க, பணத்தையும் தாராளமாக வாங்கிக்கொண்டு, மேஜை நடுவில் ஓர் அடுப்பையும் மூட்டி, பச்சை இறைச்சியைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்து, "இனி உங்கள் பாடு" என்று நகர்ந்துவிடும் ஹோட்டலைப் பற்றி என்ன சொல்வது? கொரியா தேசத்துச் சுட்ட இறைச்சிக் கடை அப்படிப்பட்டதுதான். ஆயினும் அங்கேதான் நம் பிள்ளைகள் இப்போது தாய் தந்தையரை மட்டுமல்ல, பாட்டன் பாட்டிமாரையும் அழைத்துப் போகிறார்கள்.

கொரியர்கள் நம் ராஜ்யத்துக்கு வந்த கதை அதிகப் பழமையானதல்ல. 1996-ஆம் ஆண்டில் ஹியூண்டாய் மோட்டார் கம்பெனியின் இந்தியக் கிளை ஏற்பட்டது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை எழுந்து, 1998-ல் 'சான்ட்ரோ' கார் வெளிவந்தது. பின்னால் வேறு கொரியத் தொழில்களும் வந்தன. எஞ்சினியர்கள் வந்தார்கள், அவர்களுடைய மனைவி மக்களும் வந்தார்கள். மனிதன் போகுமிடமெல்லாம் அவனுடைய ஊறுகாய் ஜாடியும் கூடப் போகும் அல்லவா? சென்னை நகரிலும் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையிலும் கொரியச் சாப்பாட்டுக் கடைகள் தோன்றியது இவ்விதமே. வெகு காலம் அவற்றில் கொரியர்கள்தான் சாப்பிட்டார்கள். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட நம் இளைஞர்கள் கொரிய நாடகங்களை இரவு பகலாகப் பார்த்தார்கள். அந்த நாடகங்களில் காதலர் சண்டையிட்டாலும் சமாதானமானாலும், உத்தியோகம் கிடைத்தாலும் போனாலும், எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இறைச்சி சுடுகிறார்கள். ஊரடங்கு நீங்கியதும் நம்மவர்களுக்கும் அந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் என்ன?

திருச்செங்கோட்டுக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகனோ மகளோ சென்னையில் படிக்கிறார், அல்லது உத்தியோகம் பார்க்கிறார். ஊரிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். ஊருக்கு ரயில் கிடையாது; சங்ககிரியிலோ ஈரோட்டிலோ வண்டி ஏறி வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. "இன்று ராத்திரி கொரியச் சாப்பாடு" என்கிறான் பேரன். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரியுடன் வடநாடெல்லாம் சுற்றியவர்கள் நிறைந்த ஊர் அது. ஆகையால் அப்பாருக்கு அன்னிய உணவு பெரிய காரியமில்லை. ஆத்தாவின் நிலைமை வேறு. பச்சைக் கறித் தட்டைக் கண்டதும் அவர் கேட்கக்கூடிய முதற் கேள்வி இதுதான்:

"ஏங் கண்ணு, காசையுங் குடுத்துட்டு நாமளே வேக வெக்கோணுமா? இதுக்கு ஊட்லயே ஆக்கித் தின்னுருக்கலாமே!"

"இல்லீங்காத்தா, நீங்க ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருங்க."

இந்தச் சம்பாஷணையில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்கு வருமுன் மேஜையைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

மேஜை நடுவில் குழி. குழியில் கரியடுப்போ வாயு அடுப்போ. அதன்மேல் இரும்புத் தட்டு அல்லது கம்பி வலை. மேலே கூரையிலிருந்து ஒரு குழாய் யானைத் துதிக்கைபோல் தொங்கிப் புகையை உறிஞ்சிக்கொள்கிறது. அடுப்பைச் சுற்றிலும் சின்னஞ் சிறு கிண்ணங்கள். அவற்றில் கிம்சி என்னும் மிளகாய் தடவிப் புளிக்கவைத்த முட்டைக்கோசு, முளைகட்டிய பயறு, கீரை, முள்ளங்கி முதலியன. இவற்றுக்குப் பன்சான் என்று பெயர். நம் இலையில் பொரியல், கூட்டு, ஊறுகாய் எப்படியோ அப்படி. கிண்ணம் காலியானால் மறுபடியும் கொண்டுவந்து வைப்பார்கள். கொரிய வழக்கப்படி அதற்குத் தனிக் காசு இல்லை. கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்துப் பொங்கப் பொங்கக் கொண்டுவரும் முட்டையும் உண்டு. அந்த முட்டை நாமக்கல்லிலிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

இறைச்சிகளில் பன்றியின் வயிற்றுப் பாகத்துக்குச் சம்கியொப்சால் என்று பெயர். 'மூன்று அடுக்குச் சதை' என்று அர்த்தம். புல்கோகி என்றால் 'நெருப்பு இறைச்சி'. சோயா ரசம், பூண்டு, சர்க்கரை, எள்ளெண்ணெய் இவற்றில் ஊறவைத்தது. விலா எலும்புக் கறிக்குக் கல்பி என்று பெயர். வெந்த துண்டைக் கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். தையற்காரர் கைக் கருவி சாப்பாட்டு மேஜைக்கு வந்ததைப் பார்த்து முதலில் சிரிப்பு வரத்தான் செய்யும். நறுக்கிய துண்டை ஒரு பச்சிலையில் வைத்து, பூண்டும் சோயாத் துவையலும் சேர்த்து, வெற்றிலைச் சுருள்போல் மடித்து ஒரே வாயாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி கடித்து மீதியைக் கையில் வைத்திருப்பது அழகல்ல. தாம்பூலம் தரித்துப் பழகிய நம் பாட்டிமாருக்கு இந்த வித்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நெருப்பில் சுட்ட கறியும் நமக்குப் புதிதன்று. ஆடு அறுத்த வீட்டில் சுவரொட்டியைக் கங்கில் சுட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை அறியாத கொங்குக் கிராமம் உண்டா? உறைப்பைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். ஈரோட்டுக்கு எதிர்க் கரையிலுள்ள பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் கோழிக் கறியில் மசாலாப் பொடிகளின் ஆரவாரம் இல்லை. வரமிளகாயும், சின்ன வெங்காயமும், தேங்காய்ச் சில்லும்தான் அதன் உயிர். அதைத் தின்று வளர்ந்தவருக்குக் கொரிய மிளகாய் சாதுவாகத்தான் தோன்றும். உண்மையில் மிளகாய் அவர்களுக்கும் சொந்தமல்ல, நமக்கும் சொந்தமல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்து இரண்டு தேசங்களிலும் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. அவர்களும் தகப்பனாரை 'அப்பா' என்று அழைப்பதைக் கேட்டுச் சிலர் கொரியரையும் தமிழரையும் பங்காளிகளாக்கப் பார்க்கிறார்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு மொழி இலக்கணங்களையும் ஒப்பிட்டுப் புத்தகமே எழுதினார். மொழி நூலார் அந்த உறவை ஒப்புக்கொள்ளவில்லை. நிற்க.

ஆத்தாவின் விஷயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் பந்தி முறை எப்படி? முதலில் ஆண்கள், குழந்தைகள். பிறகு விருந்தாளி ஸ்திரீகள். எல்லாருக்கும் பரிமாறி, எல்லாரும் ஏப்பம் விட்ட பிறகு, சட்டியில் எஞ்சியதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவள் சமைத்தவள். குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டினால் அண்டா அண்டாவாகக் கறி சமைப்பது ஆண்கள்தான். அந்த ஒரு நாள் நீங்கலாக வருஷம் முழுவதும் கரண்டி அவள் கையில். தன் உடலில் சரிபாதியை அம்மைக்குக் கொடுத்த அர்த்தநாரீசுவரர் திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கிறார். மலையடிவாரத்து வீடுகளிலே அம்மைக்குப் பந்தியில் பாதி இடம் கிடைத்ததா? சூடான சோறு எப்படியிருக்கும் என்பதையே அறியாமல் அறுபது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் எத்தனையோ பேர்.

யார் யாருடன் உட்கார்ந்து உண்பது என்ற கேள்வி அந்தப் பக்கத்துக்கு மிகவும் பழக்கமானது. 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தபோது, கதரும் மதுவிலக்கும் மட்டுமல்ல, தீண்டாமை ஒழிப்பும் அதன் வேலையாக இருந்தது. ஹரிஜனங்களும் மற்றவர்களும் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். அந்நாளில் அது சாதாரணத் துணிச்சலல்ல. சாதிச் சுவரைப் பந்தியிலிருந்து அகற்றப் பெரியவர்கள் போராடினார்கள். வீட்டுக்குள்ளேயே, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்கிற நிலைப்படியைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

கொரியாவிலும் பழைய காலத்தில் கதை இதேதான். சோசன் அரசர்களின் ஆட்சியில், பெரிய வீடுகளில் குடும்பத் தலைவருக்குத் தனியாக ஒரு சிறு பீடத்தில் உணவு வரும். ஆண்கள் வேறு, பெண்கள் வேறு. பெண்கள் பின்னால்தான் உண்பார்கள். எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவது 20-ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். நாம் இன்று புராதன கொரியப் பண்பாடு என்று வியக்கும் காட்சி அவர்களுக்கே புதியது. ஒன்றை மட்டும் அவர்கள் பழைய நாளிலிருந்து விடவில்லை. மேஜையில் வயதில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் எடுக்கவேண்டும். அதாவது, அந்த மேஜையில் ஆத்தா கடைசி அல்ல, முதல்!

அடுப்பு மேஜைக்கு வந்துவிட்டதால் சமைப்பவர் உள்ளே போக முடியாது. போக இடமே இல்லை. இறைச்சி வெந்த கணமே தின்னவேண்டும். ஆகவே யாருக்காகவும் எடுத்து மூடிவைக்கவும் வழியில்லை. மற்ற ஹோட்டல்களிலும் ஸ்திரீகள் உடன் உட்காருகிறார்கள், மெய்தான். ஆனால் அங்கே சமையல் கண்ணுக்குத் தெரியாத யாரோ செய்வது. இங்கே குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் செய்கிறார். அந்த ஒருவர் யார் என்பதை எல்லோரும் கண்ணாரப் பார்க்கிறார்கள்.

ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இடுக்கியைக் கையில் எடுத்தவருக்குத் தின்ன நேரம் கிடையாது. புரட்டவும், நறுக்கவும், கருகாமல் ஒதுக்கவுமே சரியாகிவிடும். வழக்கதோஷத்தால் அம்மா கை நீட்டி இடுக்கியை வாங்கிக்கொண்டாரானால் வீட்டுச் சமையலறையையே இருநூறு மைலுக்கு மேல் தூக்கி வந்த கதையாகும். கொரியர்களிடையே பெரும்பாலும் கூட்டத்தில் இளையவர்தான் சுடுவார். நம் குடும்பங்களில் அப்பாவோ மகனோ அந்த வேலையை ஏற்பதே முறை. முதல் தடவை இரண்டு துண்டு கருகும், கருகட்டும். பணியாளரும் வந்து உதவுவார்.

சைவ உணவுக்காரர் உடன் வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். புரட்டாசி மாதத்திலும் விரத நாளிலும் இந்தக் கடைக்குப் போகாமலிருப்பதே உத்தமம். போனால், கிம்சியைப் பார்த்து "வெறும் கோசுதானே" என்று நம்பிவிடக் கூடாது. அதில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். சூப்புகளில் பலவற்றுக்கு நெத்திலிக் கருவாடுதான் அடிப்படை. காளானும் வெங்காயமும் சுட்டுத் தின்னலாமென்றால், அதே தட்டில் பன்றிக் கொழுப்பு ஓடிக்கொண்டிருக்கும். தனித் தட்டு கேளுங்கள். பிபிம்பாப் என்னும் காய்கறிச் சோற்றை இறைச்சியும் முட்டையும் நீக்கிக் கேட்டால் செய்து தருவார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் புல்கோகி எந்த இறைச்சி என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். கொரியாவில் அது சாதாரணமாக மாட்டிறைச்சியே. வேடிக்கை என்னவென்றால், அதே தேசத்துப் பௌத்த மடங்களில் இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூட அடுப்பேறாது.

செலவு விஷயத்தை மறைப்பதில் பிரயோஜனமில்லை. அங்கே ஒரு தட்டு இறைச்சிக்குக் கொடுக்கும் பணத்தில் திருச்செங்கோட்டில் ஒரு சிறு குடும்பம் திருப்தியாகப் பிரியாணி சாப்பிடலாம். மாதந்தோறும் போகும் இடமல்ல. பேரன் முதற் சம்பளம் வாங்கினால் போகலாம். நல்ல பட்டுப் புடவையை மட்டும் அன்று உடுத்த வேண்டாம். துதிக்கைக் குழாய் எவ்வளவுதான் உறிஞ்சினாலும் புகை வாடை மறுநாள் ரயில் வரையில் கூடவே வரும்.

இறைச்சி தீர்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். சில கடைகளில், கேட்டால், கொழுப்பு ஊறிய அதே தட்டில் சோற்றையும் கிம்சியையும் கொட்டி வறுத்துத் தருவார்கள். அடியில் பொன்னிறமாகப் பற்றிக்கொள்ளும் அந்தக் காந்தலைக் கரண்டியால் சுரண்ட எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் நீளும். முதற் சுரண்டல் ஆத்தாவுக்கு.