கடிக்கக் கற்ற நாய் காவல் நாய் ஆகுமா?

ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளில் விடியும் முன்பே பால்காரர் வந்துவிடுவார். வாசலில் குனிந்து கோலம் போடுவார்கள். வெளியூர்ப் பக்தர்கள் வழி கேட்டபடி நடப்பார்கள். இப்படித் தெருவோடு ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு நாய்க்குக் ‘காவல் பயிற்சி’ கொடுக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தடித்த கையுறை மாட்டிய ஆள் ஓடுவார், நாய் பாய்ந்து கவ்வும். செல்போனில் நாம் வியந்து பார்க்கும் அந்தக் காட்சி ஒரு போட்டியின் பகுதி. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களின் திறனைச் சோதிக்க ஜெர்மனியில் தொடங்கியது, இன்று ஐ.ஜி.பி. என்கிறார்கள். மோப்பம், கீழ்ப்படிதல், காவல் ஆகிய மூன்றுக்கும் தலா 100 மதிப்பெண். சொன்னதும் பிடியை விடாத நாய்க்கு அங்கே இடமில்லை, வெளியேற்றிவிடுவார்கள்.

ஆனால் அந்த நாய் கற்பது மைதானத்தை, கையுறையை, கத்திக்கொண்டு கம்பை ஓங்கும் ஆளை. கையுறை இல்லாமல் சத்தமின்றி வரும் திருடன் முன் அது குழம்பி நிற்கலாம். குடையை ஓங்கும் பெரியவர் மீதோ, ஓடும் குழந்தை மீதோ பாயவும் செய்யலாம். காவல்துறை நாய் அப்படியல்ல. மாதக்கணக்கில் பயிற்சி பெற்று, தன் பயிற்றுநரை விட்டுப் பிரியாமல் வேலை செய்கிறது. அதிலும் பெரும்பகுதி மோப்ப வேலைதான்.

நாய் ஆபத்தாக மாறப் பயிற்சியே வேண்டாம், கட்டாமல் விட்டாலே போதும். 2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். அத்தகைய நாய்க்கு மனிதரைக் கடிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

கடிபட்டால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் அரசு மருத்துவமனை. தடுப்பூசி அங்கே இலவசம். முதல் நாள் போட்டபின் 3, 7, 28-ஆம் நாட்களையும் தவறவிடாதீர்கள். ரத்தம் கசிந்திருந்தால் காயத்தில் இம்யூனோகுளோபுலின் போடக் கேளுங்கள்.

மருத்துவச் சீட்டோடு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். நாயைக் கவனமின்றி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

பணம் வாங்கிய டிரெயினர் சொன்னபடி பயிற்சி தராவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். அடித்தும் பட்டினி போட்டும் பழக்கினால் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

வீட்டுக்குக் குரைக்கும் நாயும் நல்ல பூட்டும் வாசல் விளக்கும் போதும் என்பதே என் கருத்து. அதற்கு மேலும் பயிற்சி வேண்டுமென்றால், அந்த டிரெயினர் பழக்கிய நாய் ஒன்று, ஓடும் ஆளைத் துரத்தும்போது பாதி வழியில் கூப்பிட்டால் நிற்கிறதா என்று செய்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பணம் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.